அன்னாசிக் கிண்ணங்கள்

அந்த வீட்டில் அடுப்புக்கு விடுமுறை விட்டது அண்ணிதான். "இந்த வெயில்ல யாராவது அடுப்பைப் பத்த வச்சீங்கன்னா நான் வீட்டை விட்டே போயிடுவேன்" என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். அவள் போகமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். போக இடமில்லாதவள் அந்த வீட்டில் வேறொருத்தி.

அவளை அண்ணன் குட்டி என்று கூப்பிடுவார். நாற்பதைத் தாண்டி, முன்நெற்றியில் நரை எட்டிப்பார்த்த பிறகும் குட்டிதான். புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு போன பிறகு, ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். துணி காயப்போடும் பின்னறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் பிள்ளைகளை எழுப்புவதிலிருந்து ராத்திரி பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டது. யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை. சொல்லாமலே வேலை வாங்கும் சாமர்த்தியம் சில குடும்பங்களுக்கு உண்டு. அதற்கு அவர்கள் பாசம் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

கோடை வந்தால் அண்ணன் ஆபீஸ் ஆட்களை ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்கு அழைப்பது வழக்கம். இந்தத் தடவை வருகிறவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் மேனேஜர். அண்ணனுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அவர் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் ஊரின் பெரிய விருந்துக்கூடம் ஒன்றை நடத்தும் அம்மா. ஆபீஸ் விழாக்கள் எல்லாம் அவர் கூடத்தில்தான் நடக்கும். அவரை எல்லோரும் மேடம் என்பார்கள்.

மேடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கோடையில் சூடான பலகாரத்தை யாரும் தொடுவதில்லையாம். பழமும் சீஸுமாகச் சின்னச் சின்னதாக, ஒரு கடியில் முடிகிற மாதிரி, ஜில்லென்று கேட்கிறார்களாம். அதை மட்டும் பார்த்துக்கொள்ள நல்ல கை வேண்டும், சம்பளத்தோடு தங்க ஓர் அறையும் தருகிறேன் என்று அவர் ஆபீஸில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். "எங்க வீட்டுக்கு வந்து என் தங்கச்சி கையால சாப்பிட்டுப் பாருங்க மேடம். அப்புறம் வேற ஆளே தேடமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நியாயமாகச் சொன்னால் கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான். அதை மறைத்துக் கதை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சொந்தச் சம்பளம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை. பின்னறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காயவைத்த துணியை எடுக்க யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் உள்ளே வருவார்கள். குட்டி அன்றிலிருந்து வேறு எதையும் நினைக்கவில்லை.

வெட்டி வைப்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நினைப்பவர்கள் வெட்டி வைத்துப் பார்க்கவேண்டும். அடுப்பென்றால் கொஞ்சம் தப்பினாலும் உப்போ காரமோ போட்டுப் பூசி மெழுகிவிடலாம். இதில் பூசவும் முடியாது, மெழுகவும் முடியாது. தர்பூசணியைச் சதுரமாக வெட்டிய கையோடு உப்புச் சீஸை மேலே வைத்தால், கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடி, சீஸ் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். குட்டி அதைச் சுத்தமான துணியில் பரப்பித் தண்ணீர் வடியவிட்டாள். பேரிக்காய்த் துண்டுகள் கறுத்துப்போனபோது எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் முக்கி எடுத்தாள். திராட்சையை ஒவ்வொன்றாகத் துடைத்த பிறகுதான் சீஸ் கட்டியோடு சேர்த்துப் பல்குச்சியில் கோத்தாள். ஈரத் திராட்சை குச்சியில் நிற்காமல் சுற்றும். பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மென்மையான சீஸை வைத்தாள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்து வந்தது.

அன்னாசி மட்டும் அவளை நன்றாக மூக்குடைத்தது. சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் தேன் கலந்த க்ரீம் சீஸ், அதன் மேல் அன்னாசித் துண்டு. பார்க்க அவ்வளவு அழகு. முதல் தடவை ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். காலையில் ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டாள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. சீஸும் இளகிப்போய்க் கிண்ண ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. சீஸ்தான் பழசோ என்று புதுசு வாங்கிச் செய்தாள், அதுவும் கசந்தது. அப்புறம் இரண்டையும் தனித்தனியாக வைத்து, வாயில் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சேர்த்துப் பார்த்தாள். தித்திப்பும் புளிப்புமாக அருமையாக இருந்தது. வேகாத அன்னாசிக்குப் பாலைக் கெடுக்கும் குணம் இருக்கிறது, இரண்டையும் ரொம்ப நேரம் சேர்ந்திருக்க விடக்கூடாது என்று புரிந்துகொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லோரிடமும் அதைச் சொன்னாள்.

"அந்தக் கிண்ணத்துல மட்டும் யாரும் முன்கூட்டியே அன்னாசி போட்டுடாதீங்க. தூக்கிட்டுப் போறப்பதான் போடணும்."

"சரி" என்றாள் அண்ணி.

"ம்" என்றார் அண்ணன். அவர் கண் கைப்பேசியில் இருந்தது. அவர் 'ம்' போட்டால் கேட்டுக்கொண்டார் என்று அர்த்தமில்லை, மூச்சு விடுகிறார் என்று அர்த்தம்.

விருந்தன்று மத்தியானத்துக்குள் எல்லாம் தயார். சீஸ் தடவிய கிண்ணங்கள் ஒரு ட்ரேயில் வரிசையாக, அன்னாசித் துண்டுகள் தனி டப்பாவில். குட்டி ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். அண்ணி சிரித்தாள்.

"போய்க் குளிச்சுட்டு வா. அது ஒண்ணும் எழுந்து ஓடிடாது."

குளித்துவிட்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் நீள மேசை, மூலையில் ஒரு மின்விசிறி ஒப்புக்குச் சுழன்றுகொண்டிருந்தது. குட்டி தர்பூசணித் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள். மேனேஜரின் மனைவி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, இன்னொன்றை எடுத்தார். திராட்சைக் குச்சிகள் வைத்த இடம் தெரியாமல் காலியாயின.

மேடம் கடைசியாக வந்தார். பருத்திப் புடவை, கழுத்தில் ஒன்றுமில்லை, கண்ணில் மட்டும் ஒரு கடைக்காரியின் கூர்மை. எதையும் உடனே வாயில் போடவில்லை. தர்பூசணித் துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தட்டைக் கொஞ்சம் சாய்த்தார். தண்ணீர் ஓடவில்லை. அப்புறம்தான் சாப்பிட்டார்.

"இதை நீதான் பண்ணினியாம்மா?"

"ஆமா மேடம்."

"நல்லா இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பேரிக்காயை எடுத்துக்கொண்டு, நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "இங்க எத்தனை வருஷமா இருக்கே? காலையில சீக்கிரம் எழுந்திருப்பியா? நின்னுக்கிட்டே வேலை செய்வியா?" என்று கேட்டுக்கொண்டே போனார். குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இதெல்லாம் வேலைக்கு எடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் பக்கத்தில் வந்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, அவள் காதருகே குனிந்தார்.

"உனக்கு ஒரு வேலை மிச்சம் குட்டி. அன்னாசியை எல்லாம் கிண்ணத்துல நானே போட்டு அமுக்கி வச்சுட்டேன்."

"எப்போ?"

"நீ குளிக்கப் போனப்பவே."

குட்டி படிப்பக்கம் திரும்பினாள். குளித்து எவ்வளவு நேரமாயிற்று என்று அவள் கணக்குப் போடுவதற்குள் அண்ணி ட்ரேயோடு படியேறி வந்துவிட்டாள். எடுத்ததும் முதலில் மேடத்திடமும் மேனேஜர் தம்பதியிடமும்தான் நீட்டினாள். "அதை எடுக்க…" என்று குட்டி கையை நீட்டினாள். மேனேஜரின் மனைவி அதை உபசாரமென்று நினைத்து, "பரவாயில்லைம்மா, நானே எடுத்துக்கறேன்" என்று பெரிய கிண்ணமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அவர் முகம் கோணியது. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், கிண்ணத்திலேயே துப்பினார். மேனேஜர் விழுங்கிவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினார். மேடம் நாக்கின் நுனியில் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"ஐயோ, என்ன இப்படிக் கசக்குது!" என்றார் மேனேஜரின் மனைவி. "எதுவும் கெட்டுப்போச்சா? யாரு பண்ணினது இது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவர் கிண்ணத்தில் கை வைத்தபோது அவளும் சமையலறையில்தான் இருந்தாள், அது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"என் தங்கச்சி பண்ணினது. அவளுக்கு இதெல்லாம் புதுசு, பாவம். தப்பா எடுத்துக்காதீங்க."

பாவம் என்கிற அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. அவர் அதைப் பாசமாகத்தான் சொன்னார்.

குட்டி வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தெரியாதவளில்லை, பிள்ளைகளை அதட்டுகிற அதட்டலில் பக்கத்து வீட்டு நாய் அடங்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அண்ணனின் மேனேஜர். அவர் முன்னால் அண்ணனைப் பொய்யனாக்கிவிட்டு, ராத்திரி அதே வீட்டில் எந்த முகத்தோடு படுப்பது? அதோடு அவரே சொல்லிவிடுவார் என்று நம்பினாள். இப்போது சொல்வார், இந்தச் சிரிப்பு முடிந்ததும் சொல்வார், தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்வார். பேச்சு வெயிலுக்குப் போயிற்று, வெயிலிலிருந்து ஆபீஸுக்குப் போயிற்று. மேடம் நாற்காலியை மறுபடி மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐஸ் எடுக்கக் கீழே போனவளின் பின்னாலேயே அண்ணன் வந்தார்.

"மனசுல வச்சுக்காதே குட்டி. மேனேஜர் முன்னாடி நான் வேற என்ன சொல்ல முடியும்? அவர் பொண்டாட்டி துப்பறாங்க. நான்தான் பண்ணினேன்னா என் மானம் என்ன ஆகும்? உன்னைன்னா யாரும் பெருசா நினைக்கமாட்டாங்க."

"மேடம் நினைப்பாங்களே அண்ணா."

"அட, அதுக்கா இவ்வளவு? அந்த வேலை போனா போகுது. எவளோ ஒருத்திகிட்ட நின்னு கால் கடுக்க வெட்டணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? இங்க உனக்கு என்ன குறை? நீ போயிட்டா இந்த வீடுதான் என்ன ஆகும், சொல்லு?"

அவள் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். குட்டி ஐஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கோபமாக இல்லை. அந்த வேலை போனதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் இருண்டது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது.

வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. மேடம் கிளம்பிவிட்டார். குட்டி ஐஸைப் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடினாள். மேடம் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"மேடம், அந்த அன்னாசி… அதை நான் பண்ணலை. நான் தனியாத்தான் வச்சிருந்தேன். குளிக்கப் போனப்ப அண்ணன் தெரியாம…"

"தெரியும்மா."

குட்டி கார் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தர்பூசணியில ஒரு பொட்டுத் தண்ணியில்லாம வடியவிட்டவ, பச்சை அன்னாசியைச் சீஸ்ல அமுக்கி மணிக்கணக்கா ஊறவைக்கமாட்டா. நாக்குல வச்சதுமே தெரிஞ்சுபோச்சு, இது வேற கைன்னு." மேடம் கைப்பையைக் காருக்குள் போட்டார். "நீ சொல்லுவேன்னு ரொம்ப நேரம் பார்த்தேன். அதுக்காகத்தான் உடனே கிளம்பாம உட்கார்ந்திருந்தேன்."

"அண்ணனோட மேனேஜர் இருந்தாரு மேடம். அதான்…"

"என் கூடத்துல தினம் யாராவது ஒரு மேனேஜர் இருப்பாரு. எவனோ ஒருத்தன் உப்பை அள்ளிப் போட்டுட்டு உன் தலையில கட்டுவான். நீ இதே மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிப்பே. அப்புறம் கெட்ட பேரு உனக்கா, எனக்கா? உன் கை நல்ல கைம்மா, நான் இல்லைங்கலை. எனக்குக் கையோட சேர்த்து வாயும் வேணும்."

"இனிமே சொல்லுவேன் மேடம்."

"சொல்லு. உனக்கு நல்லது." குரலில் கோபமோ இளக்காரமோ இல்லை. வேறொருவருக்கு விற்றுவிட்ட சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது. கார் கிளம்பிப் போயிற்று.

குட்டி மாடிப்படி ஏறினாள். பாதிப் படியில் அண்ணன் எதிரே வந்தார். அவளையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடத்துகிட்ட என்ன பேசினே?"

"நடந்ததைச் சொன்னேன்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நான்தான்னு சொல்லிட்டியா? அவங்க போய் மேனேஜர்கிட்ட சொல்லிட்டாங்கன்னா? உனக்கு ஏன் குட்டி இந்த வேலை? உன்னைக் கூடப்பிறந்தவளாவா பார்த்தேன், பொண்ணு மாதிரி இல்ல வச்சிருக்கேன்!"

வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று ஒரு நொடி காத்திருந்தாள், அவ்வளவுதான். அவரை ஒதுக்கிவிட்டு மேலே ஏறிப்போய் மேனேஜருக்கு எதிரே நின்றாள். பின்னால் அண்ணன் "குட்டி, குட்டி" என்று வந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தக் கசந்துபோன கிண்ணத்தை நான் பண்ணலை. அண்ணன்தான் அன்னாசியை முன்னாடியே போட்டு வச்சுட்டாரு. வேண்டாம்னு நான் சொல்லியிருந்தேன். உங்க முன்னாடி என் பேரைச் சொல்லிட்டாரு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வேர்த்து நின்ற அண்ணனைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் நாற்காலி ஆடும்படி சிரித்தார்.

"யோவ், நீதானா அது! முன்னாடியே சொல்லவேண்டியதுதானே!"

அவர் மனைவிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க வீட்டுல மட்டும் என்ன வாழுது? இவர் முட்டை அவிக்கப் போய்ப் பாத்திரத்தையே ஓட்டை பண்ணினவர். அந்த நாத்தம் போக ஒரு வாரம் ஆச்சு."

"நீ விடுயா. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கற ஆம்பளைங்களே எத்தனை பேரு? அதுக்கே உன்னைப் பாராட்டணும்" என்று மேனேஜர் எழுந்து வந்து அண்ணனின் தோளில் தட்டினார். உடனே ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு நிறம் திரும்பியது. அவரும் சிரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்கச்சிக்கு உதவி செய்யலாமென்று திருட்டுத்தனமாக ஃப்ரிட்ஜைத் திறந்த கதையை, பொண்டாட்டி கண்ணில் மண்ணைத் தூவியதாகச் சேர்த்துக்கொண்டு, கைகால் ஆட்டிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணியும் சிரித்தாள். அன்றைய விருந்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தது அதற்குத்தான்.

குட்டி மேசையோரமாக நின்றாள். கடைசியில் நடந்தது இவ்வளவுதான். ஒரு மானமும் போகவில்லை, ஒரு பதவி உயர்வும் கெடவில்லை. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அவள் அத்தனை நேரமும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.